நெப்டியூனுக்கு வந்த கருநீலம்: குறிப்பைத் தொலைத்த ஒரு படத்தின் நிகழ்வு ஆய்வு

யுரேனஸ் என்றால் வெளிர்பச்சை, நெப்டியூன் என்றால் கருநீலம். வகுப்பறைச் சுவரொட்டியிலிருந்து அலைபேசிச் செயலிவரை, சூரியக் குடும்பம் வரையப்பட்ட இடத்திலெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான். 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வினும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு கோள்களும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வந்து நின்றன: இரண்டுமே பச்சை கலந்த வெளிர்நீலம், நெப்டியூனில் நீலம் ஒரு சொட்டு கூடுதல். கோள் மாறவில்லை. அந்தக் கருநீலப் படத்தை 1989-இல் எடுத்து வெளியிட்டவர்கள் யாரும் பொய் சொல்லவும் இல்லை. நடுவில் தொலைந்தது ஒரு படக்குறிப்பு.

வானியல் படத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பதில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தோதான நிகழ்வு இல்லை. மூலப்படங்கள் பொதுவில் கிடைக்கின்றன, கேமராவின் அளவைகள் பதிவாகியிருக்கின்றன, திருத்தமும் அச்சில் இருக்கிறது.

கேமரா பார்த்தது என்ன

நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனுக்கு மிக அருகில் சென்றது 1989 ஆகஸ்ட் 25. அதிலிருந்த கேமரா இன்றைய சிசிடி சில்லு வகை அல்ல, பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்ததுபோன்ற விடிகான் குழாய். ஒரு சட்டகம் 800 × 800 பிக்சல், ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 சாம்பல் படிகள். கேமராவுக்கு நிறம் தெரியாது. அதன் முன்னால் சுழலும் சக்கரத்தில் ஊதா, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வடிகட்டிகள் இருந்தன. ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, பூமியில் அவற்றை அடுக்கினால்தான் வண்ணப் படம்.

நாம் எல்லோரும் பார்த்த அந்த முழுவட்டப் படம் நாசாவின் கோள் படக் காப்பகத்தில் பிஐஏ01492 என்ற எண்ணில் இருக்கிறது. குறுகிய கோணக் கேமராவின் பச்சை, ஆரஞ்சு வடிகட்டிகளில் எடுத்த கடைசி முழுவட்டப் படங்களிலிருந்து உருவானது. எடுத்தது மிக அருகில் செல்வதற்கு 4 நாள் 20 மணி நேரம் முன்னால். தூரம் 44 லட்சம் மைல், அதாவது சுமார் 71 லட்சம் கிலோமீட்டர். இவ்வளவும் அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. "கடைசி முழுவட்டம்" ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கேமராவின் பார்வைப் புலம் 0.424 பாகை. 49,500 கிலோமீட்டர் விட்டமுள்ள கோள் அந்தத் தூரத்தில் சுமார் 0.4 பாகை அகலம் தெரியும். 800 பிக்சலில் ஏறக்குறைய 750-ஐ நிரப்பிவிடும். இன்னும் சற்று நெருங்கினால் விளிம்பு வெட்டுப்படும்.

குறிப்பை மறுபடி பாருங்கள். பச்சை, ஆரஞ்சு. இரண்டே வடிகட்டி. கணினித் திரைக்கோ அச்சுக்கோ சிவப்பு, பச்சை, நீலம் போல மூன்று நிறத் தடங்கள் வேண்டும். ஆக, கண்ணைப் பறிக்கும் அந்த நீலத்துக்கு அடிப்படையான அளவீடு நீல வடிகட்டியிலிருந்து வரவே இல்லை. துறைக்காரருக்கு அந்த ஒரு வரியில் முழுச் சேதியும் இருக்கிறது. பொதுவாசகருக்கு அது வெறும் கருவி விவரம். கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

சிவப்பின் நிலைமையும் சிக்கல்தான். விடிகான் குழாயின் உணர்திறன் சுமார் 640 நானோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடுகிறது. கண் 700 வரை பார்க்கும். சிவப்புத் தடத்தில் உட்கார்ந்தது ஆரஞ்சு ஒளி. கோளின் வளிமண்டலத்திலுள்ள மீத்தேன் வாயு சிவப்பை விழுங்கும் அலைநீளப் பட்டைகளில் ஒன்று 619 நானோமீட்டரில், அதாவது ஆரஞ்சு வடிகட்டிக்குள்ளேயே விழுகிறது. அதைவிட வலுவான 727 நானோமீட்டர் பட்டை கேமராவின் எல்லைக்கு வெளியே. இந்த மாதிரித் தரவிலிருந்து "கண்ணுக்குத் தெரியும் நிறம்" தானாக வந்து விழாது. அதைக் கணக்கிட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

மூலச் சட்டகங்களை எடுத்துத் தாமே அடுக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பொறிகள். முதலாவது, படம் முழுக்கச் சீரான இடைவெளியில் தெரியும் கறுப்புப் புள்ளிகள். அவை கோளில் இருப்பவை அல்ல. குழாயின் முகப்பிலேயே பொறித்த 202 அளவுக் குறிகள். விடிகான் படத்தை வளைத்து நெளித்துவிடும் என்பதால் அந்த வளைவை நேராக்க வைத்தவை. கோள்தரவுக் காப்பகத்தில் ஒவ்வொரு படமும் நான்கு நிலைகளில் கிடைக்கும்: மூலம், புள்ளி நீக்கியது, ஒளி அளவு திருத்தியது, வடிவம் நேராக்கியது. வண்ணம் சேர்க்க எப்போதும் கடைசி நிலையை எடுங்கள். அதன் அளவு 1000 × 1000.

இரண்டாவது, கோளின் சுழற்சி. நெப்டியூன் 16.1 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது, நிமிடத்துக்கு 0.37 பாகை. 750 பிக்சல் வட்டத்தின் நடுவில் இது நிமிடத்துக்குச் சுமார் 2.4 பிக்சல் நகர்வு. ஒரு சட்டகத்தைப் படித்து முடிக்கவே குறைந்தது 48 நொடி ஆகும் கேமரா இது. வட்டத்தின் விளிம்பைப் பொருத்தினால் மேகம் விலகும். மேகத்தைப் பொருத்தினால் விளிம்பில் சிவப்பும் நீலமுமாகக் கோடு விழும். கோளத்தின் மேல் படத்தைப் போர்த்தி, சுழற்சியைக் கழித்து, மறுபடி வட்டமாக்குவதே ஒழுங்கான வழி. மேகங்கள் கோளின் சுழற்சியோடு ஒரே வேகத்தில் போவதுமில்லை என்பதால், அதற்குப் பிறகும் ஓரிரு பிக்சல் பிசகும். அந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீலம் கூடிய இடம்

நெப்டியூனின் மேகங்கள் மிக மங்கலானவை. பெரும் கரும்புள்ளி, அதன் ஓரத்து வெண்மேகங்கள், "ஸ்கூட்டர்" என்று பெயர் வைத்த வேகமான மேகத்திட்டு எல்லாம் சுற்றியுள்ள பரப்பிலிருந்து மெல்லிய வேறுபாடு கொண்டவைதாம். இவற்றைப் பார்ப்பதற்குத்தான் விண்கலமே போயிற்று. ஆகவே காண்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, இழுத்தார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் காண்ட்ராஸ்டை இழுக்கும்போது நிறமும் கூடவே இழுபடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பிழைகள் நின்றுவிடும்.

விளக்கத்துக்காக எண்களைக் கையில் எடுப்போம் (வாயேஜரின் அளவீடுகள் அல்ல). ஒரு வெளிர்நீல வட்டத்தின் பிரகாசமான பகுதியில் சிவப்பு 150, பச்சை 195, நீலம் 205. மங்கலான பகுதியில் 120, 170, 190. மேக விவரம் தெரியவில்லை என்று, 110-ஐக் கறுப்பாகவும் 210-ஐ வெள்ளையாகவும் வைத்து மூன்று தடங்களையும் ஒரே அளவில் நீட்டுகிறோம். ஒவ்வொரு எண்ணிலும் 110-ஐக் கழித்து 2.55-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவே. பிரகாசமான பகுதி 102, 217, 242 ஆகிறது. மங்கலான பகுதி 26, 153, 204.

சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பிரகாசமான இடத்தில் 0.73 ஆக இருந்தது 0.42 ஆகிவிட்டது. மங்கலான இடத்தில் 0.63 ஆக இருந்தது 0.13. நிறத்தை யாரும் தொடவில்லை. செறிவு கூட்டும் பொத்தானை யாரும் நகர்த்தவில்லை. மூன்று தடங்களுக்கும் ஒரே அளவுதான் கொடுத்தோம். இருந்தும் வெளிர்நீலம் கடல்நீலமாகிவிட்டது. காரணம் பெருக்கல் அல்ல, கழித்தல். மூன்றிலிருந்தும் ஒரே எண்ணைக் கழிக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் தடத்துக்கே பலத்த அடி விழுகிறது. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே "ஆட்டோ" விட்டு நீட்டினால் இதைவிட மோசம்: நிறம் எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது.

இன்னொரு கசிவு காமா, அதாவது ஒளியின் அளவைத் திரைக்கான எண்ணாக மாற்றும் வளைவு. அளவீட்டுத் தரவு நேரியலானது: இரண்டு மடங்கு ஒளிக்கு இரண்டு மடங்கு எண். திரைகள் பொதுவாகப் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணத் தரம் அப்படியல்ல. 18 விழுக்காடு ஒளியை அது 46 என்று எழுதாமல் 118 என்று எழுதும். மேலே சொன்ன 150, 205 என்ற திரை எண்களுக்குரிய நேரியல் மதிப்புகள் 78, 156. இந்த மாற்றத்தைச் செய்யாமல் நேரியல் எண்களை அப்படியே திரைக்கு அனுப்பினால் படம் இருண்டும் போகும், விகிதம் 0.73-லிருந்து 0.5-க்கும் இறங்கிவிடும். இருண்டிருக்கிறதே என்று அதன்மேல் மறுபடி நீட்டினால், இரண்டு பிழையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

மாற்று வழி உண்டு. நிற விகிதம் காப்பாற்றப்பட வேண்டுமென்றால் பெருக்குங்கள், கழிக்காதீர்கள். மேக விவரமும் தெரிந்தாக வேண்டுமென்றால் படத்தை வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும் லேப் வண்ணவெளிக்கு மாற்றி, வெளிச்சத் தடத்தை மட்டும் இழுத்து, இரு நிறத் தடங்களையும் அப்படியே விடுங்கள். ஃபோட்டோஷாப், ஜிம்ப் இரண்டிலும் முடியும். இந்த வேலை முழுவதையும் தடத்துக்கு 16 பிட்டில் செய்ய வேண்டும். 8 பிட்டில், அதாவது 256 படிகளில், இவ்வளவு இழுத்தால் வழவழப்பான கோள்வட்டத்தில் படிப்படியாக வளையம் விழும். அதை மேகப்பட்டை என்று நம்பி எழுதுவதற்கும் ஆள் இருப்பார்கள்.

யுரேனஸ் தப்பியது எப்படி

மூன்றரை ஆண்டு முன்னால், 1986-இல், இதே கலம் இதே கேமராவோடு யுரேனஸைக் கடந்தது. அந்த ஜனவரி 17-இல் 91 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்தவற்றை நாசா ஒரு சோடியாக வெளியிட்டது. இடப்பக்கம் நீலம், பச்சை, ஆரஞ்சு சேர்த்து, கண் பார்ப்பதுபோல் அமைத்த படம்: வெறுமையான வெளிர்நீல வட்டம். வலப்பக்கம் புறஊதா, ஊதா, ஆரஞ்சு சேர்த்து மிகையாக இழுத்த படம்: துருவத்தைச் சுற்றி வளையங்கள், கூடவே சின்னச் சின்ன வடை வடிவங்கள். வடைகள் கேமராவின் ஒளியியலில் படிந்த தூசியின் நிழல். இழுத்த இழுப்பில் அவையும் மேலே வந்துவிட்டன என்று குறிப்பு சொல்கிறது.

குறிப்பையே படிக்காதவருக்கும் அந்தச் சோடி ஒன்றைச் சொல்லிவிடுகிறது: ஒரே கோளுக்கு இரண்டு நிறம் இருக்க முடியாது, ஏதோ ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. நெப்டியூனின் புகழ்பெற்ற படத்துக்கு அப்படியொரு துணை கிடைக்கவில்லை. அது தனியாகவே ஊர் சுற்றியது.

யுரேனஸின் வெளிர்நிறமும் நெப்டியூனின் இழுத்த நிறமும் பிறகு ஒரே சுவரொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தபோதுதான் பிழை முழுமை பெற்றது. தனித்தனியே இரண்டும் நேர்மையான படங்கள். வெவ்வேறு அளவில் பதப்படுத்திய இரண்டை ஒப்பிடும்படி அடுக்கியதுதான் பொய். கோள்களை வரிசையாக அடுக்கி வரைபடம் தயாரிப்பவர்கள் அளவு விகிதத்துக்கு எடுக்கும் அக்கறையில் கால்வாசியைக்கூட நிற விகிதத்துக்கு எடுப்பதில்லை.

படம் இழுக்கப்பட்டது என்பது கோளியல் வல்லுநர்களுக்கு அன்றே தெரியும், குறிப்புகளிலும் சொல்லப்பட்டது, காலப்போக்கில் அந்த வேறுபாடு மறைந்துபோனது என்று இர்வினே சொல்லியிருக்கிறார். புத்தகத்துக்குப் போகும்போது குறிப்பு ஒரு வரியாகச் சுருங்கும், இணையத்தில் கோப்பின் பெயராகச் சுருங்கும், வாட்ஸ்அப்பில் அதுவும் இராது. படக்குறிப்பு என்பது கழற்றக்கூடிய உதிரிப்பாகம். கழன்றால் பொருளே மாறிவிடும் எந்தச் செய்தியையும் அதில் மட்டும் வைக்கக் கூடாது.

2024-இல் செய்த வேலை

இர்வின் குழு ஹபிள் தொலைநோக்கியின் எஸ்டிஐஎஸ் கருவியையும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் மிகப்பெரும் தொலைநோக்கியிலுள்ள மியூஸ் கருவியையும் பயன்படுத்தியது. இவை மூன்று நான்கு வடிகட்டியோடு நிற்பவை அல்ல. ஒவ்வொரு பிக்சலுக்கும் தொடர்ச்சியான நிறமாலையைத் தருபவை. நிறமாலை கையிலிருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை. மனிதக் கண்ணின் உணர்திறன் வளைவுகளால் அதைப் பெருக்கிக் கூட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றைத் திரையின் வண்ணவெளிக்கு மாற்றினால் நிறம். இப்படிக் கிடைத்த நிறத்தை அளவுகோலாக வைத்து, வாயேஜரின் பழைய படங்களையும் ஹபிளின் அகலப்புலக் கேமராப் படங்களையும் மறுபடி சமன்செய்தார்கள்.

மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டுக்குக் காரணம் மூட்டம். இரண்டு கோளிலும் மீத்தேன் சிவப்பை விழுங்குகிறது. இரண்டிலும் ஒரு மூட்டப்படலம் இருக்கிறது. யுரேனஸில் அது தடிமன், அதனால் அதன் நீலத்தில் வெள்ளை கூடுதலாகக் கலக்கிறது. ஆகவே "நெப்டியூன் நீலமே இல்லை" என்று இதைச் சுருக்கினால் பழைய பிழைக்குப் பதில் புதிய பிழை. இன்னொன்று: கட்டுரையின் முதன்மைப் பொருள் நெப்டியூனே அல்ல. யுரேனஸின் நிறம் அதன் 84 ஆண்டுச் சுற்றில் பருவத்துக்குப் பருவம் ஏன் மாறுகிறது என்பதே. செய்திக்கு மட்டும் நெப்டியூன் கிடைத்தது.

அடுத்த படத்தை வெளியிடும்போது

முதலில் படம் எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும். கண் பார்ப்பதற்கு நெருக்கமானது, நிறம் மிகைப்படுத்தியது, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நிறம் ஒதுக்கியது என்று மூன்று போதும். "போலி நிறம்" என்ற சொல்லைக் கைவிடுவது நல்லது. பொதுவாசகர் அதைப் போலிப் படம் என்றே படிக்கிறார். 2022 செப்டம்பரில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நெப்டியூன் படம் மூன்றாம் வகை. அகச்சிவப்பு ஒளியில், குட்டை அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் ஒதுக்கியது. அங்கே "உண்மை நிறம் எது" என்ற கேள்விக்கே இடமில்லை.

வகையைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதும் கணக்குத்தான். 1080 பிக்சல் அகலப் படம் 360 அகல அலைபேசித் திரையில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 36 பிக்சல் எழுத்து 12 ஆகும். அதற்குக் கீழே போனால் தமிழ் எழுத்தில் புள்ளியும் கொம்பும் கரைந்துவிடும். 16:9 படத்தை நடுச்சதுரமாக வெட்டும் முன்னோட்டங்களில் இருபுறமும் ஏறக்குறைய 22 விழுக்காடு போய்விடும். மூலையில் வைத்த எழுத்து முதலில் போகும். நடு 56 விழுக்காட்டுக்குள், கோளின் கீழ்விளிம்பை ஒட்டி வைத்தால் வெட்டுபவர் கோளையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். அழகு கொஞ்சம் கெடும், கெடட்டும். வெப் குழு வடிகட்டிப் பட்டை, திசைக்குறி, அளவுகோல் எல்லாம் போட்ட பதிப்பை ஒவ்வொரு முறையும் வெளியிடுகிறது. ஆனால் அது தனிக் கோப்பு, பகிரப்படுவது எழுத்தில்லாத சுத்தமான படம்தான்.

குறிப்பின் முதல் வாக்கியம் நிறத்தைப் பற்றியதாக இருக்கட்டும். நறுக்குபவர்கள் அடியிலிருந்துதான் நறுக்குவார்கள். வாயேஜர் படத்துக்கு இப்படி எழுதலாம்: "இந்தப் படத்தில் நீலம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது; நேரில் பார்த்தால் நெப்டியூன் பச்சை கலந்த வெளிர்நீலமாகத் தெரியும். மேகங்களைக் காட்டுவதற்காகக் காண்ட்ராஸ்ட் கூட்டப்பட்டது. வாயேஜர் 2, 1989 ஆகஸ்ட், 71 லட்சம் கி.மீ. தூரம், பச்சை, ஆரஞ்சு வடிகட்டிகள்." மாற்று உரை, அதாவது பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் பட விவரிப்பு, தனி வேலை. "நெப்டியூன் படம்" என்று எழுதினால் பார்வையற்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. "கறுப்புப் பின்னணியில் கருநீல வட்டம், நடுப்பகுதியில் இன்னும் கருத்த நீள்வட்டப் புள்ளி, அதன் கீழ்விளிம்பில் வெண்மேகக் கீற்றுகள், நிறம் மிகைப்படுத்தியது" என்றால் கிடைக்கும்.

கோப்புக்குள் பதியும் தகவலுக்கு வானியலுக்கென்றே ஏவிஎம் என்ற தரம் இருக்கிறது. எந்த அலைநீளத்துக்கு எந்த நிறம், எந்தக் கருவி, வானில் எந்த இடம் என்பதற்கெல்லாம் அதில் புலங்கள் உண்டு. நிரப்புங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படமாக அனுப்பும்போது உள்தகவலைக் கழித்துவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும். நன்றி வரியையும் இதே காரணத்துக்காகப் படத்தின் அருகிலேயே வையுங்கள். நாசா படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் படங்கள் பெயர் குறிப்பிட்டே தீர வேண்டிய உரிமத்தில் வருகின்றன.

வெளியிடுமுன் ஒரு சோதனை. படத்தைச் சதுரமாக வெட்டி, 400 பிக்சலுக்குச் சுருக்கி, குறிப்பில்லாமல் வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் நீட்டி, "இது நேரில் இப்படித்தான் இருக்குமா?" என்று கேளுங்கள். தவறான பதில் வந்தால் கோளாறு படத்தில்தான் இருக்கிறது, அவரிடம் இல்லை.

வெளியான பிறகு பிழை தெரிந்தால் பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே பிரதி எடுத்தவர்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. பழைய பக்கத்தை வைத்து, அதன் தலையில் திருத்தத்தைத் தேதியோடு எழுதி, புதிய படத்துக்குப் புதிய எண் கொடுங்கள். செவ்வாயில் இறங்கிய நாசாவின் வைக்கிங் 1 கலம் எடுத்த முதல் வண்ணப்படம் 1976 ஜூலையில் நீலவானத்தோடு வெளியாகி, விரைவிலேயே இளஞ்சிவப்பு வானமாகத் திருத்தப்பட்டது. நீலவானப் பதிப்பு இன்றும் உலவுகிறது. திருத்தச் செய்தியிலும் பழைய படத்தைத் தனியாகப் போடாதீர்கள். இரண்டையும் ஒரே சட்டகத்தில் ஒட்டி, பழையதன் வட்டத்துக்குக் குறுக்கே "மிகைநிறம்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தத் திருத்தத்திலிருந்தே பழைய படத்தை வெட்டி எடுத்து மறுபடி அனுப்புவார்கள்.